சோதனைக்குழாயில் பொங்கிய நுரை

மக்களே,

கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. பந்தல்காரர், சமையல்காரர், பத்திரிகை கொடுக்க விட்டுப்போன உறவுக்காரர்கள் என்று நீ போனும் கையுமாக அலைகிறாய். இந்த நேரத்தில் அம்மா மகனுக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறாள், வாயால் சொன்னால் ஆகாதா என்று உனக்குத் தோன்றும். ஆகாது. வாயால் சொல்லத் தொடங்கினால், பாதியில் காப்பி போடுகிறேன் என்று எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஆய்வுக்கூடத்தில் நின்றவள் நான். எழுதி வைத்ததைத்தான் நம்புவேன். ஆகவே ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிடு.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து பெனிட்டா நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாளே, அப்போது நடந்ததுதான் இதை எழுத வைத்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் பரிமாறிவிட்டு நானும் உட்கார்ந்தேன். அந்தப் பெண் விளையாட்டாகக் கேட்டாள்: "மாமி, இவரு பொய் சொல்லுவாரா? இப்பவே சொல்லிருங்க, பொறவு என்னயக் குத்தம் சொல்லக்கூடாது." நான் வாயைத் திறப்பதற்குள் நீயே முந்திக்கொண்டாய். "பிளஸ் ஒன்ல மார்க்கத் திருத்திட்டு வந்தேன். அம்மா கன்னத்துல ஒரே அடி. அதுக்குப் பொறவு பொய்யே கெடயாது" என்று சிரித்தாய். அப்பாவும் சிரித்தார். பெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எவ்வளவு மரியாதையான பார்வை அது! எனக்கு வாயில் வைத்த மீன் உள்ளே இறங்கவில்லை. முள் மாட்டிக்கொண்டதென்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். முள் எதுவும் மாட்டவில்லை. பன்னிரண்டு வருடமாக நீ சொல்லிவரும் அந்தக் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் நான் என்ன வேலை செய்துகொண்டிருந்தேன் என்பது உனக்குச் சரியாக நினைவிருக்காது. "அம்மை சோப்புத்தூள் கம்பெனியில வேலை பாக்கா" என்று கூட்டாளிகளிடம் சொல்வாய். எனக்குக் கோபம் வரும். நாகர்கோவிலுக்கு வெளியே, தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடங்கள். ஒன்றில் தொட்டிகளில் பாக்டீரியா வளர்த்து நொதி எடுத்தார்கள். இன்னொன்றில் நானும் கல்லூரி முடித்து வேலைக்கு வந்த இரண்டு பிள்ளைகளும் சோதனை செய்தோம். முதலாளி வளைகுடாவில் இருபது வருடம் பெரிய சலவை ஆலைகளில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அதிகம் படித்தவரில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பில் எந்தக் கறை எத்தனை தண்ணீரில் போகும் என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. ஒருநாள் என் மேசைக்கு வந்து சொன்னார்: "மேடம், நம்ம என்சைம் ரெத்தக்கறைய நல்லா எடுக்கு. ஆனா பெராக்சைடு ஊத்தினா செத்துப்போவுது. சாவாத ஒண்ணு செஞ்சு தந்தியள்னா நாம பொழச்சோம்."

அவர் கேட்டது இதுதான். துணியில் ரத்தம் பட்டால் அதிலுள்ள புரதம் நூலோடு ஒட்டிக்கொள்ளும். புரதத்தைத் துண்டுதுண்டாக வெட்டுகிற நொதியைச் சலவைத்தூளில் சேர்த்தால் கறை கழன்று வரும். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவையில் துணி வெளுக்கவும் கிருமி சாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ப்பார்கள். அது நொதியையும் விட்டுவைக்காது. நொதி என்பது இருநூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களைச் சரமாகக் கோத்து மடித்து வைத்ததுபோல இருக்கும். புரதத்தை வெட்டுகிற இடத்தை ஒட்டியே மெத்தியோனின் என்று ஓர் அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதில் கந்தகம் உண்டு. பெராக்சைடு அந்தக் கந்தகத்தின் மேல் ஆக்சிஜனை ஏற்றிவிட்டால் வெட்டுகிற இடம் அடைபட்டுப்போகும். சில நிமிடத்தில் வேலை நின்றுவிடும். அந்த ஒரே ஓர் அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது என் வேலை. கையால் வைக்க முடியாது. பாக்டீரியாவின் மரபணுவில் அந்த இடத்துக்குரிய எழுத்துகளை மாற்றினால், அது மாற்றிய நொதியை நமக்குச் செய்து தரும். இயற்கை தற்செயலாகச் செய்கிற சடுதிமாற்றத்தை நாங்கள் குறிபார்த்துச் செய்தோம்.

மெத்தியோனின் இருந்த இடத்தில் அலனினை வைத்தேன். பெராக்சைடு அதை ஒன்றும் செய்ய முடியவில்லை, ஆனால் நொதி மந்தமாகிவிட்டது. செரினை வைத்தேன். அதுவும் அப்படியே. பெரிய அமினோ அமிலங்களை வைத்துப் பார்த்தபோது அசையவே இல்லை. சிஸ்டீனை வைத்தபோது பழைய வேகம் அப்படியே வந்தது. எங்கள் சோதனை எளிது: நொதியைப் பெராக்சைடில் ஊறவிட்டு, கொஞ்சம் எடுத்துக் கொழுப்பு நீக்கிய பாலில் விட வேண்டும். நொதி உயிரோடிருந்தால் வெண்மை மறைந்து பால் தெளியும். சிஸ்டீன் வைத்ததைப் பெராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு எடுத்தேன். பால் தெளிந்தது. வேகமும் இருக்கிறது, சாகவும் இல்லை! என்னோடிருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். சிஸ்டீனிலும் கந்தகம் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். என் படிப்பு அந்த இடத்திலேயே என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. மற்ற மாதிரிகளையெல்லாம் சுத்திகரித்துச் சோதித்தவள், முதலாளி அவசரப்படுத்தினார் என்று இதை மட்டும் தொட்டியிலிருந்து எடுத்தபடியே சோதித்திருந்தேன். அதையும் மறந்துவிட்டேன் என்று இப்போது சொல்லலாம். மறக்கவில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முதலாளி அன்றைக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குப் போன் செய்தார். அவர்கள் மூன்று வாரத்தில் வாருங்கள், ஒரு நாள் முழுக்க உங்கள் தூளிலேயே துவைத்துப் பார்க்கிறோம் என்றார்கள். நான் வடசேரியில் இறங்கி நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உனக்கு அது நினைவிருக்கும். காரணம் கேட்டாய். "அம்மா ஜெயிச்சிட்டேன்லா" என்றேன்.

எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற சகாய மேரியை உனக்குத் தெரியும். கடியப்பட்டணத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவாள். அடுத்த திங்கட்கிழமை அவள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இந்தா பாத்தியளா? இந்த ரேக்குல உள்ளது மட்டும் பொங்கி வழிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் சும்மா கெடக்கு" என்றாள். சிஸ்டீன் வைத்த குழாய்கள்தான் அவை. வாய் வரைக்கும் நுரை ஏறிக் காய்ந்திருந்தது. நான் முகம் கொடுக்காமல், "ஒனக்கு எதுக்குட்டி அது? கழுவுத வேலையப் பாரு" என்றேன். அவள் விடவில்லை. "இல்லக்கா. எங்க வீட்டுக்காரருக்குக் காலுல தூண்டி முள்ளு ஏறினப்ப ஆஸ்பத்திரில ஒரு மருந்து ஊத்தினாங்க. அது புண்ணுல பட்டதும் இப்பிடித்தான் நுரச்சு வந்தது. அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் அந்த ரேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த மருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் அது ஏன் நுரைக்கிறது? ரத்தத்திலும் தசையிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அந்த ஆக்சிஜன்தான் நுரை. நாங்கள் வளர்த்த பாக்டீரியாவிலும் கேட்டலேஸ் உண்டு. சுத்திகரிக்காத மாதிரியில் அது கூடவே வந்துவிட்டது. என் நொதி பெராக்சைடைத் தாங்கவே இல்லை, மக்களே. அதைத் தொடுவதற்கு முன்பே பெராக்சைடைக் கேட்டலேஸ் தின்று தீர்த்திருந்தது. மறுநாள் சுத்திகரித்து, புதிதாகப் பெராக்சைடு ஊற்றிச் சோதித்தேன். பால் வெள்ளையாகவே நின்றது. மூன்று தடவை செய்தேன். மூன்று தடவையும் பால் தெளியவில்லை.

அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை. கூட இருந்த பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. பதினோரு நாள். முதலாளி புதுத் தூளுக்குப் பை அச்சடிப்பது பற்றிப் பேசுவார், நான் தலையாட்டுவேன். என் கணக்கு இதுதான்: ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உண்மையான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், முன்பு சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். காலையில் எல்லாருக்கும் முன்னால் போவேன், இருட்டுகிற வரைக்கும் வேலை செய்வேன். என்னைவிட நாணயமாக உழைத்தவள் அந்தப் பதினோரு நாளில் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்குத்தான் மனுஷன் அப்படி உழைப்பான் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதில் பத்தாவது நாள் சாயங்காலம் நீ வேதியியல் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினாய். எண்பத்தொன்று. மூன்றை எட்டாக்கியிருந்தாய். பேனா மை ஒன்றுதான், ஆனால் வளைவில் அழுத்தம் வேறு. உன் அம்மா இதையெல்லாம் பார்த்துப் பழகியவள். "இது என்னதுடே?" என்றேன். "மார்க்கும்மா" என்றாய். அடித்தேன். அப்பா உள்ளே இருந்து ஓடிவந்தார். "பொய் சொல்லுத கையால என் வீட்டுல சோறு திங்கப்பிடாது" என்று நான் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இதுவரை உனக்குத் தெரியும். இதைத்தான் நீ எல்லாரிடமும் சொல்கிறாய்.

அதற்கப்புறம் நீ சொன்ன ஒரு வார்த்தையை நீ மறந்துவிட்டாய். நான் மறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அழாமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "அடுத்த பரீட்சையில நெசமாவே எண்பது வாங்கிட்டா இது பொய்யில்லன்னு ஆயிரும்னு நெனச்சேம்மா."

என் மண்டைக்குள் பத்து நாளாக ஓடிக்கொண்டிருந்தது அப்படியே உன் வாயிலிருந்து வந்தது. பதினாறு வயதுப் பிள்ளை அதைச் சொன்னபோதுதான் அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குக் கேட்டது. அந்த இடத்திலேயே உன்னை உட்காரவைத்து, "மக்களே, நானும் இதத்தான் செய்யுதேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. அடித்த கை இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போது அதே வாயால் எப்படிச் சொல்வது? குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். நீ அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, கோபத்தில் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை முதலாளி வந்ததும் அந்தக் காகிதத்தை அவர் மேசையில் விரித்து வைத்தேன். "சார், நான் சொன்ன ரிசல்ட் தப்பு. எனக்குப் பதினோரு நாளா தெரியும்" என்றேன். நுரை, கேட்டலேஸ், சுத்திகரிக்காமல் விட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடைசியில், "தப்பு வருததுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மேடம். பதினோரு நாளு எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருந்தியளே, அதத்தான் தாங்கமுடியல" என்றார். என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார். "ஆஸ்பத்திரிக்கு நீங்களே சொல்லணும்."

சலவைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மூத்த நர்ஸ். பெயர் வேண்டாம். நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். "ரெத்தம் போவாம சூட்டுல காஞ்சிருந்தா அத்தன விரிப்பயும் தூரக் களஞ்சிருக்கணும், தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். "துவைக்கதுக்கு முன்ன சொன்னியளே. பொறவு சொல்லியிருந்தா ஒங்க கம்பெனிக்காரங்கள நாங்க கேட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டோம். செரி, நல்லதா ஒண்ணு கிட்டினா வாங்க" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். பதினோரு நாள் நான் பயந்தது நாலு நிமிடத்தில் முடிந்துபோயிற்று.

முதலாளி என்னை மன்னித்தார் என்று சொல்லமாட்டேன். ஐந்தாறு மாதம் நான் கொடுக்கும் ஒவ்வொரு முடிவையும் வேறொருவர் திரும்பச் செய்து பார்த்த பிறகே கையில் வாங்கினார். அது நியாயம். சகாய மேரியிடம் போய், "நீ சொன்னதுதான் சரி, அன்னைக்கு ஒன்னைய அப்பிடிப் பேசினது தப்பு" என்றேன். "அது கெடக்கட்டும்கா. இனி நொரச்சா சொல்லட்டா வேண்டாமா?" என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்று அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். பெராக்சைடு ஊற்றிய எந்தக் குழாயையும் அவள் பார்த்து, நுரை உண்டா இல்லையா என்று எழுதிய பிறகே நாங்கள் பாலில் விட்டோம்.

பிறகு நான் ஒதுக்கிவைத்திருந்த அலனினுக்குத் திரும்பிப் போனேன். சாகாது, ஆனால் மந்தம் என்றேனே, அதை. அந்த மந்தத்தைப் போக்க, வெட்டுகிற இடத்திலிருந்து தள்ளியிருந்த இன்னும் சில இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவவில்லை. சில நொதியையே குலைத்துப்போட்டன. கடைசியில் ஓர் இடத்து மாற்றம் அலனினோடு சேர்ந்தபோது, போன வேகத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. முழு வேகம் வரவே இல்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் பெராக்சைடு ஊற்றிய தண்ணீரில் கடைசி அலசல் வரைக்கும் அது வேலை செய்தது. இந்தத் தடவை சோதித்தது சுத்திகரித்த மாதிரியைத்தான்; மேரியின் நோட்டில் "நொரை இல்லை" என்று எழுதியிருந்தது. அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரியில், அதே நர்ஸ் முன்னால், அறுவைச் சிகிச்சை அறையிலிருந்து வந்த விரிப்புகளைத் துவைத்துக் காட்டினோம். அவர் ஒரு விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, மூலைமூலையாகப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லா போயிருக்கு" என்றார். நான் போன மாதம் ஓய்வு பெறும்வரைக்கும் எங்கள் கம்பெனி அந்த நொதியைத்தான் விற்றுக்கொண்டிருந்தது.

இதை வைத்து உனக்குக் கல்யாணப் பிரசங்கம் செய்யப்போவதில்லை. அதற்குப் போதகர் இருக்கிறார், அன்றைக்கு அவர் விடமாட்டார். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீயும் பெனிட்டாவும் ஒருவரிடம் ஒருவர் தப்பே செய்யாமல் வாழ்ந்துவிடப் போவதில்லை. தப்பு வந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதே. சரிசெய்கிற வேலை ரொம்ப நன்றாகத்தான் நடக்கும், அதுதான் ஆபத்து. அவள் ஏதாவது நுரைக்கிறது என்று சொன்னால், "ஒனக்கு என்ன தெரியும்" என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன்னை அடித்தது தப்பு. மார்க்கைத் திருத்தியதைக் கண்டிக்க வேண்டியதுதான்; ஆனால் அன்றைக்கு அந்த அடி உனக்கு விழவேண்டியதில்லை. என்மேல் இருந்த கோபத்தை உன் கன்னத்தில் இறக்கினேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்று, நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை நீ சொல்லாமல் இருந்திருந்தால், நான் ஆஸ்பத்திரி வரைக்கும் அந்தப் பொய்யோடு போயிருப்பேன். அதற்குப் பிறகு என் பெயரை நம்பி யாரும் ஒரு குழாயைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். என் வேலையை எனக்குக் காப்பாற்றிக் கொடுத்தது நீதான். பதினாறு வயதில், கன்னம் சிவந்துபோய் நின்றுகொண்டு.

இதைப் பெனிட்டாவிடம் காட்டு. அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். மாறட்டும். தெரிந்துகொண்டு ஒரு மாமியாரிடம் வருவது அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. உனக்குக் கோபம் வந்தால் அதை நேரில் வந்து காட்டு, போனில் வேண்டாம்.

அப்பா பழச்சந்தைக்குப் போயிருக்கிறார். பந்திக்கு எந்தப் பழம் என்று இன்னும் அவருக்கு முடிவாகவில்லை. இதில் எழுதியது எதுவும் அவருக்குத் தெரியாது. உனக்கு எழுதிவிட்டேன், அவருக்கு எழுத முடியாது, ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும், காப்பி போட எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்து சொல்லப்போகிறேன். கேட் திறக்கிற சத்தம் கேட்கிறது.

அம்மா